பழங்காமிராக்களுள் தேர்வுக்குரியது எது?

பிலிம் காமிராக்கள் பொதுவழக்கிலிருந்து விலகிப் பல ஆண்டுகள் கழிந்தபின், அவற்றைத் தேடி வாங்கும் ஆர்வம் இளைஞரிடையே மீண்டும் தலைதூக்கியுள்ளது. இவ்வார்வலர் கூடுமிடமெல்லாம் எழும் முதல் வினா, "எந்தக் காமிராவை வாங்கலாம்?" என்பதே. நைக்கான் என்பார் ஒருவர். ஒலிம்பஸ் என்பார் மற்றொருவர். கேனனுக்கு வாதாட ஒரு கூட்டம் உண்டு. இவ்விடைகள் பெரும்பாலும் விருப்பத்தைச் சார்ந்தனவேயன்றி வரலாற்றைச் சார்ந்தன அல்ல. ஒரு கருவி எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்தபின் அதனைத் தேர்ந்தெடுத்தலே முறை. அங்ஙனம் அறியப் புகுவார்க்கு ஒரு பழைய வழக்கும் எதிர்ப்படும். "ஜெர்மானியர் படைத்தனர், ஜப்பானியர் நகலெடுத்தனர்" என்பது அது. அவ்வழக்கு எத்துணை தூரம் மெய் என்று ஆராய்ந்தால் தேர்வுக்கும் விடை கிடைக்கும் என்பது எம் எண்ணம்.

எஸ்.எல்.ஆர். எனப்படும் ஒற்றை லென்ஸ் பிரதிபலிப்புக் காமிராவின் தத்துவம் எளியது. லென்ஸுக்குப் பின்னே ஒரு கண்ணாடி 45 பாகைச் சாய்வில் நிற்கும். லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேல்நோக்கித் திருப்பி, ஒரு மங்கற் கண்ணாடித் தகட்டின்மேல் விழச்செய்யும். பொத்தானை அழுத்தியதும் சாய்ந்த கண்ணாடி மேலெழும். அதன் பின்னுள்ள திரை திறந்து மூடும். ஒளி பிலிமில் பதியும். ஆகவே, பார்க்கும் லென்ஸே படமெடுக்கும் லென்ஸுமாகும். பார்ப்பதற்கென்று தனிச் சாளரம் வைத்த காமிராக்களில், கண் காண்பதற்கும் பிலிம் காண்பதற்கும் சிறிது வேறுபாடு உண்டு. அருகிலுள்ள பூவைப் படமெடுக்கும்போது அவ்வேறுபாடு பெரிதாகும். பூவின் தலை போய்விடும். பிரதிபலிப்புக் காமிராவில் இக்குறை இல்லை.

இக்கருத்து புதியதன்று. கண்ணாடி வைத்த இருட்பெட்டியை யோஹான் சான் என்னும் ஜெர்மானியர் 1685-ஆம் ஆண்டிலேயே தம் நூலில் விளக்கியுள்ளார். படமெடுக்கும் கருவியாக அதற்கு இங்கிலாந்தில் 1861-இல் காப்புரிமை பெற்றவர் தாமஸ் சட்டன். ஆயினும் அக்காலத்துக் கருவிகள் பெரும்பெட்டிகள். கையில் அடங்கும் வடிவம் சினிமாவுக்கென உண்டான 35 மில்லிமீட்டர் பிலிமைக் காமிராவில் இட்ட பின்னரே கிட்டியது.

அவ்வடிவம் பிறந்த இடம் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம். அங்கே ஸ்டீன்பெர்கன் என்னும் டச்சுக்காரர் நிறுவிய இஹாகே நிறுவனம், 1936-இல் கினே எக்ஸாக்டாவை வெளியிட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் சோவியத் நாட்டில் ஸ்போர்ட் என்னும் காமிராவும் உருவாயிற்று. எது முந்தியது என்னும் பூசல் இன்றும் தீர்ந்தபாடில்லை. உலகச் சந்தையில் நடமாடியது எக்ஸாக்டாவே என்பதில் மட்டும் ஐயமில்லை.

எக்ஸாக்டா ஒரு விசித்திரமான கருவி. பிலிமை நகர்த்தும் நெம்புகோலும் பொத்தானும் இடப்பக்கத்தில் அமைந்தவை. 12 விநாடி வரை திரையைத் திறந்து வைக்கும் ஏற்பாடு உண்டு. பாதி எடுத்த பிலிமை வெட்டி எடுப்பதற்கென உள்ளே ஒரு சிறு கத்தியும் உண்டு! ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' படத்தில் கால் முறிந்த கதாநாயகன் சன்னல் வழியே அயல்வீட்டை நோக்குவதும் எக்ஸாக்டாவால்தான். ஆயின் முதல் எக்ஸாக்டாவில் குனிந்து மேலிருந்தே பார்த்தல் வேண்டும். உருவம் இடவலம் மாறித் தெரியும். வலப்பக்கம் ஓடும் பிள்ளை பெட்டிக்குள் இடப்பக்கம் ஓடுவான். படமெடுத்த கணத்திலே கண்ணாடி மேலெழுந்து அங்கேயே நின்றுவிடும். அடுத்த படத்திற்குப் பிலிமை நகர்த்தும் வரை எல்லாம் இருட்டு. இவ்விரு குறைகளையும் போக்கிய வரலாறே பிரதிபலிப்புக் காமிராவின் வரலாறு எனலாம்.

முதற்குறையைத் தீர்த்தது ஐங்கோணப் பட்டகம். மங்கற் கண்ணாடியின்மேல் இதனை அமர்த்தினால், உருவம் நிமிர்ந்தும் இடவலம் மாறாமலும் கண்மட்டத்திலேயே தெரியும். இத்தாலியின் ரெக்டாபிளெக்ஸும் டிரெஸ்டனின் காண்டாக்ஸ் எஸ்ஸும் ஏறத்தாழ ஒரே காலத்தில், 1949-ஐ ஒட்டி, இதனைச் சந்தைக்குக் கொணர்ந்தன. 1945 பிப்ரவரியில் குண்டுமாரியால் வெந்து சாம்பலான நகரம் டிரெஸ்டன். எஞ்சிய இயந்திரங்களிற் பலவற்றைச் சோவியத் படையினர் இழப்பீடாகப் பெயர்த்துச் சென்றனர். அப்படிப்பட்ட ஊரில் நான்கே ஆண்டுகளுள் காண்டாக்ஸ் எஸ் போன்ற ஒரு கருவி உருவானது வியப்பே.

அக்காமிரா மற்றொன்றையும் உலகுக்கு ஈந்தது. லென்ஸைப் பொருத்தும் வாயில் 42 மில்லிமீட்டர் குறுக்களவும் ஒரு மில்லிமீட்டர் புரியிடைவெளியும் கொண்ட எளிய திருகுமரை அமைந்திருந்தது. எம் 42 என்று பின்னாளில் பெயர்பெற்ற இம்மரையை வாசகர் நினைவிற் கொள்க. மீண்டும் இதனிடம் வருவோம்.

இரண்டாங்குறையை, அதாவது கண்ணாடி கீழிறங்காமையை, முதலில் தீர்த்தவர் ஜெர்மானியரும் அல்லர், ஜப்பானியரும் அல்லர். ஹங்கேரி நாட்டின் யேனோ டுலோவிட்ஸ் என்பார் அதற்குரிய காப்புரிமையை 1943-இலேயே பெற்றார். புடாபெஸ்டின் காமா தொழிலகம் 1949-இல் அதனை டூபிளெக்ஸ் என்னும் பெயரால் வெளியிட்டது. ஆயின் உருவானவை ஆயிரத்தை எட்டவில்லை. போரினால் இளைத்த சிறுநாடு, தொழிலகம் அரசுடைமை, விற்பதற்கு வழியுமில்லை. கண்டுபிடித்தவன் பெயர் நிற்பதும் மறைவதும் அறிவை மட்டும் பொறுத்ததன்று என்பதற்கு டுலோவிட்ஸை விடச் சான்று வேண்டா.

இனி ஜப்பானியரிடம் வருவோம். அவர்கள் ஜெர்மானியரிடம் பயின்றவர்கள் என்பதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நிப்பான் கோகாகு நிறுவனம் 1921-இல் எட்டு ஜெர்மானிய நிபுணர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியே லென்ஸ் கலையைக் கற்றது. அசாஹி நிறுவனம் 1952-இல் வெளியிட்ட அசாஹிபிளெக்ஸில் டிரெஸ்டனின் பிராக்டிபிளெக்ஸ் சாயல் தெளிவாகத் தெரிகிறது. ஆனால், அதே அசாஹி 1954-இல் வெளியிட்ட இரண்டாம்-பி வகையில், படமெடுத்த கணமே கண்ணாடி தானாகத் திரும்பி வந்தது. அக்காலத்து ஜெர்மன் காமிராக்கள் எவற்றிலும் அவ்வசதி இல்லை. 1957-இல் அசாஹி பெண்டாக்ஸ் வந்தபோது பட்டகமும் திரும்பும் கண்ணாடியும் ஒரே உடலில் சேர்ந்தன. பிலிமை நகர்த்தும் நெம்புகோல் வலப்பக்கம். சுருட்டும் கைப்பிடி இடப்பக்கம். நடுவே பட்டகக் கூம்பு. அதன்பின் முப்பது ஆண்டுகள் உலகெங்கும் செய்யப்பட்ட பிரதிபலிப்புக் காமிராக்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை இவ்வமைப்பையே கொண்டிருக்கும்.

'பெண்டாக்ஸ்' என்னும் பெயரும் டிரெஸ்டனிலிருந்து வந்ததே. பெண்டாபிரிசம், காண்டாக்ஸ் என்னும் இருசொற்களின் சேர்க்கையாக அதனைப் பதிவு செய்திருந்தது கிழக்கு ஜெர்மனியின் சைஸ் ஐகான். அவர்களிடமிருந்து அப்பெயரை அசாஹி பெற்றுக்கொண்டது. லென்ஸ் பொருத்தும் வாயும் நாம் மேலே சொன்ன எம் 42 மரைதான். பெயரை முறைப்படி பெற்றவனை, மரையை வெளிப்படையாக ஏற்றவனை, ஆசிரியனிடம் இல்லாததைச் சேர்த்தவனை நகலெடுத்தவன் என்று சொல்லுதல் நேர்மையாகாது. மாணவன் என்று சொல்லலாம், அதில் இழுக்கில்லை.

1959-இல் தோன்றிய நைக்கான் எஃப் இவ்வழக்கில் அடிக்கடி இழுக்கப்படும் பெயர். அதிலுள்ள சிறப்புகளுள் பல, தனித்தனியே பிறர் முன்பே கண்டவை. பட்டகம் காண்டாக்ஸுடையது, திரும்பும் கண்ணாடி டூபிளெக்ஸும் அசாஹியும் கண்டது, கழற்றி மாற்றும் பார்வைத்தலை 1950-இல் வந்த எக்ஸாக்டா வாரெக்ஸில் இருந்தது. ஆயினும் எல்லாவற்றையும் திரட்டி, எந்த வேலைக்கும் தாங்கும் உறுதியோடு, அகல லென்ஸ் முதல் தொலைநோக்கு லென்ஸ் வரை ஒரு முழுக் குடும்பமாக அமைத்தவர்கள் அவர்களே. திரையைத் துணியாலன்றி டைட்டேனியத் தகட்டால் செய்தனர். பட்டகத் தலையின் கூரிய வடிவை வரைந்தவர் யூசாகு கமேகுரா; 1964 தோக்கியோ ஒலிம்பிக் விழாவின் சின்னமும் அவர் கைவண்ணமே. வியட்நாம் போர்க்களத்தில் செய்தியாளர் கழுத்திலெல்லாம் தொங்கியது எஃப். கம்போடியாவில் 1970-இல் டான் மக்கல்லினை நோக்கி வந்த துப்பாக்கிக் குண்டைத் தாங்கி, அவர் உயிரைக் காத்ததும் ஒரு நைக்கான்.

அதே ஆண்டுகளில் ஸ்டட்கார்ட்டின் சைஸ் ஐகான் வெளியிட்ட காண்டாரெக்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்புகள் கொண்டது, செய்நேர்த்தியில் நிகரற்றது, விலையோ எட்டாக்கனி. பழுதுபார்ப்போர் அதைக் கண்டால் அஞ்சுவர். மேற்கு ஜெர்மானியர் தோற்ற இடம் இதுவே என்பது எம் துணிபு. தம் திறமையைக் காட்டக் கருவி செய்தனர். அதைத் தூக்கித் திரிபவனை எண்ணிச் செய்தார்களில்லை.

சிங்கப்பூர், மலேசிய வாசகர்க்கு இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. ஜெர்மனியில் கூலி ஏறிய காலத்தில், பிரவுன்ஷ்வைக் நகரத்து ரோலை நிறுவனம், ஹைன்ரிக் பேசல் என்பாரின் தலைமையில், சிங்கப்பூரில் தொழிற்சாலை தொடங்கிற்று. 1970-இல் ஜெர்மனியில் தோன்றிய ரோலைபிளெக்ஸ் எஸ்.எல். 35, சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூரில் உருவாகத் தொடங்கியது. அரசாங்கத்தோடு சேர்ந்து ஒரு பயிற்சி நிலையமும் நடந்தது. நுண்ணிய இயந்திரத் தொழிலைக் கற்ற இளைஞர் பலர். சைஸ் வகுத்த பிளானார் லென்ஸின் வளையத்தில் சிங்கப்பூரின் பெயர் பொறித்திருப்பதை இன்றும் காணலாம். சேகரிப்போர் சிலர் அப்பெயரைக் கண்டு விலை குறைத்துக் கேட்பதும், ஜெர்மனி என்று பொறித்ததற்குக் கூடுதல் கொடுப்பதும் வழக்கம். ஒரே வரைபடத்தின்படி செய்த கண்ணாடியில் ஊர்ப்பெயருக்கு ஏன் இத்தனை விலை என்பது எமக்கு விளங்கவில்லை. 1981-இல் ரோலை நொடித்து அத்தொழிற்சாலையும் மூடப்பட்டது. இறுதிக் காலத்து எஸ்.எல். 35 ஈ வகை மின்னணுக் கோளாறுக்குப் பெயர்போனது. அதைத் தவிர்த்தல் நலம். பழைய எஸ்.எல். 35 எளியது, உறுதியானது.

அத்தொழிற்சாலையில் போய்க்லாண்டர் என்னும் பழம்பெயரோடு வி.எஸ்.எல். 1 என்னும் காமிராவும் செய்யப்பட்டது. அதில் அமைந்ததும் எம் 42 மரையே. டிரெஸ்டனில் பிறந்த புரி, தோக்கியோ சென்று, சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது.

இனித் தேர்வு. எம் தீர்ப்பு அசாஹி பெண்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக்கின் பக்கமே. 1960-இல் கண்காட்சியில் காட்டி, 1964-இல் விற்பனைக்கு வந்த காமிரா இது. லென்ஸ் வழியே வரும் ஒளியையே அளக்கும் மானி இதனுள் உண்டு. ஒரு புள்ளியை மட்டும் அளப்பது முதலில் கருதிய திட்டம்; பெயரும் அப்படி வந்ததே. விற்பனைக்கு வந்தபோது காட்சி முழுவதையும் அளப்பதாகத் திட்டம் மாறியது. பெயர் மட்டும் மாறவில்லை! லென்ஸ் வழி அளப்பதிலும் இது முதலன்று; டாப்கான் 1963-இலேயே அதைச் செய்தது. ஆனால் ஸ்பாட்மாட்டிக் எளியோரும் வாங்கும் விலையில் வந்தது.

இதைத் தேர்வதற்கு முதற்காரணம், மின்கலம் இல்லாமலும் திரை இயங்கும். மானி மட்டுமே மின்சாரத்தை நாடும். அக்காலத்துப் பாதரச மின்கலங்கள் சுற்றுச்சூழல் காரணமாகப் பல நாடுகளில் தடை செய்யப்பட்டன. ஒலிம்பஸ் ஓ.எம். 1 போன்றவற்றில் வேறு மின்கலம் இட்டால் அளவு பிறழும். ஸ்பாட்மாட்டிக்கின் மின்சுற்று மின்னழுத்த வேறுபாட்டை ஈடுசெய்யும் வகையில் அமைந்தது. மற்றொரு காரணம் அம்மரை. ஜப்பானின் தக்குமார், யேனாவின் சைஸ், சோவியத்தின் ஹீலியோஸ் ஆகியவற்றில் அம்மரை கொண்ட லென்ஸ்கள் யாவும் இவ்வுடலில் ஏறும். பனிப்போரின் இருபுறத்துக் கண்ணாடிகளையும் ஒரே காமிராவில் மாற்றி மாற்றிப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்குண்டு?

குறையும் உண்டு. மரையைச் சுழற்றி லென்ஸ் மாற்ற நேரம் பிடிக்கும்; மணவீட்டில் விரைந்து படமெடுப்பார்க்கு ஒவ்வாது. அளக்கும்போது துளை குறுகிப் பார்வை இருளும். அசாஹியே 1975-இல் மரையைக் கைவிட்டுக் கே என்னும் பூட்டுமுறைக்கு மாறியது. அதனைக் கொண்டு 1976-இல் வந்த கே 1000, 1997 வரை உற்பத்தியில் இருந்து, பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு முதற்காமிரா ஆயிற்று. கனம் தாங்காதார்க்கு 1972-இல் யோஷிஹிசா மைத்தானி வகுத்த ஓ.எம். 1 உகந்தது, 500 கிராம் அளவே எடை, பார்வையோ அகலம். வேகம் வேண்டுவோர் நைக்கானின் எஃப்.எம். 2-ஐ நாடலாம், விநாடியில் 4000-இல் ஒரு பங்கு வரை அதன் திரை மின்கலமின்றியே ஓடும். நம் போன்றோர் நிதானமாக எடுப்பவர், ஸ்பாட்மாட்டிக் போதும்.

வாங்கப் போவோர் கடையில் இவற்றைச் செய்க. திரையை ஒரு விநாடி வேகத்தில் வைத்து அழுத்திக் காது கொடுங்கள். பற்சக்கரத்தின் ஓசை தடங்கலின்றி ஓடி முடிய வேண்டும். பின்கதவைத் திறந்து ஓரத்துப் பஞ்சு உதிர்ந்துள்ளதா எனப் பாருங்கள். உதிர்ந்திருந்தால் ஒளி கசியும், மாற்றுவது எளிதே. பிறகு லென்ஸை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். இந்நாட்டு ஈரக்காற்றில் பல ஆண்டு அலமாரியில் கிடந்த லென்ஸில் சிலந்தி வலை போன்ற பூசணம் படர்ந்திருக்கும். விலை மலிவாயினும் அதை அங்கேயே விட்டுவிட்டு, உடலை மட்டும் கேட்டு வாங்குங்கள். மரை ஒன்றே ஆகையால் நல்ல லென்ஸ் வேறொரு கடையில் கிடைக்கும்.