பரணிலிருந்து இறங்கிய பெட்டியும் சாக்கும்

போன மாதம் மாயவரம் வீட்டைக் காலி செய்தோம். அம்மா போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் பூட்டிக் கிடந்த வீடு. பரணிலிருந்து பித்தளை அண்டா, உடைந்த தொட்டில் எல்லாம் இறங்கிய பிறகு கடைசியாக இரண்டு சாமான்கள் வந்தன. ஒன்று, தகரப் பெட்டி நிறைய பைண்டு செய்த தொடர்கதைகள். இன்னொன்று, ஒரு சாக்கு நிறைய உதிரிப் பத்திரிகைகள்.

"அப்பா, இதெல்லாம் நெட்டிலேயே கிடைக்குதுப்பா. நம்ம ஃபிளாட்ல பரணும் கிடையாது" என்றாள் மகள். அவள் சொன்னதில் தப்பில்லை. கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். காலிகோ அட்டை போட்டு அழகாக இருக்கும் பெட்டியை மட்டும் வைத்துக்கொள்வது, சாக்கைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவது. அவர் இரண்டு நாள் கழித்து வருவதாகச் சொன்னார். அந்த இரண்டு நாளில் என் கணக்கு தலைகீழாக மாறிவிட்டது.

என் வயதுக்காரர்களுக்குப் பைண்டிங் வைபவத்தைப் பற்றி விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1926-இல் தொடங்கிய ஆனந்த விகடன் 1928-இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்தது. 1932-இல் கலைமகள், 1941-இல் கல்கி, 1947-இல் குமுதம். இவற்றோடு தொடர்கதை என்ற பழக்கமும் வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, ஏறத்தாழ மூன்றரை வருஷம் வாரா வாரம் வந்தது. கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' விகடனில் வந்தபோது, கோபுலுவின் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கதைக்குள் போவார்கள்.

தொடர் முடிந்ததும் இதழ்களை வரிசைப்படுத்தி, பின்னைக் கழற்றி, கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பைண்டரிடம் கொடுப்பார்கள். எங்கள் தெருக்கோடியில் இருந்த பைண்டர், மைதா பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார். நூலால் தைத்து, மூன்று பக்கமும் வெட்டிச் சமன் செய்து, முதுகில் சிவப்புக் காலிகோ ஒட்டி, மேலே கதையின் பெயரை எழுதிக் கொடுப்பார். பிறகு அந்தப் புத்தகம் தெருவெல்லாம் சுற்றும். அத்தை வீட்டுக்குப் போன இரண்டாம் பாகம் இன்றுவரை திரும்பவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பெட்டியிலிருந்த பொன்னியின் செல்வனைப் புரட்டினேன். மணியம் வரைந்த படங்கள் அப்படியே இருந்தன. ஆனால் சில பக்கங்களின் ஓரத்தில் வேறொரு கட்டுரையின் கடைசி நாலு வரி, பாதியில் நின்ற ஒரு விளம்பரம், பைண்டர் வெட்டியதில் தலை போன ஒரு துணுக்கு. இவற்றின் மீதி எங்கே போயிற்று என்று யோசித்தபோதுதான் உறைத்தது. கதையை எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நாங்களேதான் எறிந்தோம். வேர்க்கடலைப் பொட்டலமாகவும், அலமாரித் தட்டில் விரிப்பாகவும், அடுப்புப் பற்றவைக்கவும் அது போயிற்று. 'பாதுகாத்தோம், பாதுகாத்தோம்' என்று நாம் பெருமைப்படுகிறோமே, அதில் பாதி பாதுகாப்பு, பாதி கழிவு.

விடிந்ததும் சாக்கைப் பிரித்தேன். அதில் இருந்தவை, தொடர் எதுவும் சேராததால் பைண்டுக்குப் போகாத இதழ்கள். அட்டையோடு முழுசாக இருந்தன. மேல் மூலையில் ஏஜெண்ட் பென்சிலால் எழுதிய எங்கள் வீட்டு எண். உள்ளே கூந்தல் தைலம், சைக்கிள், ரேடியோ, சோப்பு விளம்பரங்கள். அந்த வாரம் வந்த சினிமா, வாசகர் கடிதம், சங்கீதக் கச்சேரி விமர்சனம், ஜோக்குகள். ஒரு இதழின் வெற்றிடத்தில் அம்மா கையெழுத்தில் பால் கணக்கு.

அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் எதை வாங்க ஆசைப்பட்டது, எதைப் பார்த்துச் சிரித்தது, எதற்குக் கோபப்பட்டுக் கடிதம் எழுதியது என்பதெல்லாம் அந்தச் சாக்கில்தான் இருந்தது. பொன்னியின் செல்வனுக்கு ஆபத்தில்லை. புத்தகமாக எத்தனையோ பதிப்பு வந்துவிட்டது, இணையத்தில் எழுத்துவடிவில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆபத்து நான் எடைக்குப் போடவிருந்த மூட்டைக்குத்தான்.

இது நமக்குப் புதிய தப்பும் அல்ல. ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சுக்கு மாறிய காலத்திலும் இதுவே நடந்தது. அச்சில் வந்துவிட்டதே, இனி ஏடு எதற்கு என்று எத்தனையோ வீடுகளில் சுவடிகள் கவனிப்பாரற்றுப் போயின. ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட கதைகளை உ.வே. சாமிநாதையர் தம் சரித்திரத்தில் வேதனையோடு எழுதியிருக்கிறார். அச்சுக்குப் போகும் என்று ஒருவர் நினைத்தது பிழைத்தது. மற்றது காவிரியோடும் தாமிரபரணியோடும் போயிற்று.

படித்த நாடுகளிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. அமெரிக்க நூலகங்கள் பழைய செய்தித்தாள்களை மைக்ரோஃபிலிம் எடுத்தபோது, படம் பிடிக்க வசதியாக முதுகை வெட்டிப் பிரித்தார்கள். எடுத்து முடித்ததும் மூலத்தை எறிந்தார்கள். காகிதம் எப்படியும் பொடியாகிவிடும் என்பது அவர்கள் வாதம். 1999-இல் லண்டன் பிரிட்டிஷ் நூலகம் தன்னிடமிருந்த அமெரிக்கச் செய்தித்தாள் தொகுதிகளைக் கழித்துவிட முடிவு செய்தது. நிக்கல்ஸன் பேக்கர் என்ற அமெரிக்க நாவலாசிரியர், சொந்தப் பணத்தையும் போட்டு அவற்றில் பெரும் பகுதியை வாங்கி, ஒரு பழைய ஆலைக் கட்டடத்தில் வைத்துக் காத்தார். பொடியாகிவிடும் என்று சொன்ன தாள்களைப் பிரித்துப் படிக்க முடிந்தது! ஃபிலிமிலோ கறுப்பு வெள்ளை மட்டும்தான். வண்ணப் பக்கமெல்லாம் சாம்பல் நிறம். அவர் இதைப் பற்றி 2001-இல் ஒரு புத்தகமே எழுதினார். 2004-இல் அந்தச் சேகரிப்பு டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் பக்கத்தில் இதற்கு நேர்மாறான ஒரு நல்ல கதை உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா சென்னையில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்தவர். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்க ஆரம்பித்தார். புத்தகம் மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், பத்திரிகை, அழைப்பிதழ், மற்றவர்கள் குப்பை என்று தள்ளியதையெல்லாம் சேர்த்தார். பிறகு ஊருக்கே திரும்பிவந்து சேகரிப்பைத் தொடர்ந்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. கப்பலேற்றிக்கொண்டு போகவில்லை. 1994-இல் சென்னையிலேயே நூலகம் அமைந்தது. ஃபிலிமும் எடுத்தார்கள், மூலத்தையும் வைத்துக்கொண்டார்கள். நகல் எடுத்துவிட்டோமே என்று மூலத்தை எறியாத அந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இப்படிச் சொல்வதால் நான் காகிதத்தின் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். காகிதத்தின் குறைகளை என்னைவிட யார் அறிவார்? நம் வாரப் பத்திரிகைகள் அச்சான மலிவுத் தாள் மரக்கூழில் செய்தது. அந்தக் கூழிலேயே இருக்கும் பொருள், வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுக்கிறது. அதில் ஊறும் அமிலம் தாளை முறுமுறுவென்று ஆக்குகிறது. அப்பளம் போல் உடைகிற பக்கங்கள் என் சாக்கிலேயே இருந்தன. துருப்பிடித்த பின், கறையான், வெள்ளிப் பூச்சி வேறு.

அதைவிடப் பெரிய பயம், ஒரே இடத்தில் இருப்பது. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய புத்தகக் கடைகளும் போயின. 1981-இல் யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எரித்தபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் பத்திரிகைகளும் அதில் அடக்கம். அவற்றுக்கு ஒரு ஸ்கேன் பிரதி எங்காவது இருந்திருந்தால்! அந்த இழப்பை அறிந்தவர்கள்தான் 2005-இல் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இன்றும் ஏற்றிவருகிறார்கள். இங்கேயும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. எண்பது வயதில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கி அறுபது வருஷப் பழைய இதழைப் படிக்க முடிகிறதென்றால், அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஆனால் மின்னணுப் பிரதியும் சாகாவரம் பெற்றதல்ல. என் மேஜை இழுப்பறையில் 1990-களின் ஃபிளாப்பி ஒன்று கிடக்கிறது. நானே தட்டச்சு செய்த எங்கள் குலதெய்வக் கோயில் வரலாறு. அதைச் செருக இன்று வீட்டில் யந்திரம் இல்லை. அதற்கு முன்பே ஒரு நண்பர் அதை வேறு கணினியில் திறந்தபோது, தமிழுக்குப் பதில் ஏதோ கிறுக்கல்தான் தெரிந்தது. அந்த நாளில் ஆளுக்கொரு எழுத்துரு. 1999-இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூட்டி ஒழுங்கு செய்யப் பார்த்தார்கள். பிறகு யூனிகோடு வந்துதான் தொல்லை தீர்ந்தது. 2023 அக்டோபரில் விஷமிகள் கணினி வழியாகத் தாக்கியதில், பிரிட்டிஷ் நூலகத்தின் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. அலமாரியிலிருந்த புத்தகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

2020-இல் கல்கி அச்சை நிறுத்தி இணையத்துக்கு மாறியது நினைவிருக்கும். இனி வரும் பத்திரிகைகளுக்குப் பரணும் கிடையாது, சாக்கும் கிடையாது. அச்சில் வந்தவரைதான் நம் கையில் இருக்கிறது.

பேப்பர்காரர் வந்தார். பழைய செய்தித்தாளை மட்டும் கொடுத்து அனுப்பினேன். பிறகு ஒரு நூலகத்துக்குப் போன் செய்தேன். "பைண்டு செய்த தொடர்கதை இருக்கிறது, கூடவே கொஞ்சம் உதிரியும் இருக்கிறது" என்று, பெண் பார்க்க வந்தவர்களிடம் மூத்தவளை முன்னே நிறுத்துவது மாதிரிச் சொன்னேன். அந்தப் பக்கம் பேசிய அம்மாள் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உதிரி இதழ்ல அட்டை இருக்கா சார்? விளம்பரப் பக்கம் இருக்கா?" என்றுதான் கேட்டார். அவர்களிடம் அந்த வருஷத்து இதழ்கள் இருக்கின்றனவாம். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் பைண்டு செய்தபோது அட்டையை எடுத்துவிட்டார்களாம். நூலகமும் நாங்கள் செய்ததையேதான் செய்திருக்கிறது. இப்போது ஸ்கேன் செய்ய உட்கார்ந்தால், அட்டை இல்லாததுதான் கணினியிலும் ஏறும்.

சாக்கு அங்கே போய்விட்டது. பெட்டி ஃபிளாட்டில் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. மகள் முதலில் முகம் சுளித்தாள், இப்போது மணியம் படங்களைப் போனில் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்புகிறாள். அம்மாவின் பால் கணக்கு இருந்த இதழை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. அது என்னோடு இருக்கிறது. நூலகத்துக்கு அது ஒரு இதழ் குறைவு, தெரிந்தே செய்த தப்பு.

உங்கள் பரணிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். அனுபவப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். அழகான கட்டைவிட அட்டையோடு இருக்கும் அழுக்குக் கட்டை முதலில் பாருங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், காலப்போக்கில் அந்தப் பசையே தாளைக் கறுப்பாக்கும். துருப்பிடித்த பின்னை மெதுவாகக் கழற்றிவிடுங்கள். வெயிலில் காயப்போடாதீர்கள், நிழலில் காற்றாட வையுங்கள். நூலகத்துக்குக் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: முதல் பக்கத்திலிருந்து கடைசி அட்டை வரை ஸ்கேன் செய்வீர்களா? செய்த பிறகு மூலத்தை என்ன செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கினால், இன்னொரு நூலகத்துக்குப் போன் போடுங்கள்.

அத்தை வீட்டுக்குப் போன இரண்டாம் பாகத்தையும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அத்தையின் பேரன், அவர்கள் பரணையும் பார்த்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறான்.