ஆஞ்சநேயருக்கு வடை மாலை, ஆய்வகத்துக்குக் குரங்கு

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். பொற்றையடி பக்கத்துல மருந்துவாழ் மலை இருக்கு. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிட்டுப் போனப்ப விழுந்த துண்டுன்னு சொல்லுவாங்க. அடிவாரத்துல எங்க சின்ன ஆச்சி குரங்குகளுக்குப் பழம் போட்டுட்டு இருந்தாங்க. சின்ன வயசுல போலியோ வந்து அவங்களுக்கு ஒரு கால் சூம்பிப்போச்சு. "கொரங்குதானே மக்ளே மருந்து கொண்டாந்துது"ன்னாங்க.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. போலியோ மருந்து விஷயத்துல அது வெறும் கதை இல்லை.

1955-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்ச சால்க் தடுப்பூசிக்கான வைரஸை வளர்த்தது குரங்கின் சிறுநீரகச் செல்களில். அந்தக் குரங்குகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போன ரீசஸ் குரங்குகள். (நம்ம மலையில இருக்கிறது நாட்டுக் குரங்கு. ரீசஸ் வடக்கத்தி இனம்.) 1950களின் கடைசியில் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல ஏற்றுமதி ஆச்சு.

"இந்தியாவுல குரங்கு சாமியாச்சே, அதான் ஏற்றுமதியை நிறுத்திட்டாங்க"ன்னு சுலபமா சொல்லிடுவோம். ஆனா தேதிகள் வேற கதை சொல்லுது. 1955 தொடக்கத்தில் லண்டன் விமான நிலையத்தில் சுமார் 400 குரங்குகள் மூச்சுத்திணறிச் செத்தன. இந்தியா ஏற்றுமதியைத் தடை செஞ்சது. போலியோ தடுப்பூசிக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கும் மட்டும்தான் பயன்படுத்துவோம்னு அமெரிக்கா உறுதி கொடுத்ததும் தடை சீக்கிரமே விலகிடுச்சு. அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கும் மேல குரங்குகள் போய்க்கிட்டேதான் இருந்தன. சுசீந்திரத்துல வடை மாலையும் நிக்கல.

1970களில், அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒண்ணு ரீசஸ் குரங்குகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, சாகும் வரை எவ்வளவு நேரம் சக்கரத்தில் ஓடுதுன்னு பார்க்கிற செய்தி வெளியே வந்தது. நியூட்ரான் குண்டுக்கான சோதனைன்னு பேச்சு. மொரார்ஜி தேசாய் அரசு 1978 ஏப்ரல் முதல் ஏற்றுமதியை மொத்தமா நிறுத்துச்சு. மொரார்ஜி சைவ உணவுக்காரர், அந்த மனசுக்கும் இதுல பங்கு இருக்கலாம். ஆனா 1955-லயும் சரி 1978-லயும் சரி, கடைசியில் முடிவு செஞ்சது 'எதுக்காக' என்கிற கேள்விதான். குரங்கோட வலி ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதானே?

நம்ம சட்டமும் அப்படித்தான். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடி, 1960-ல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் 14-வது பிரிவு, உயிர் காக்கும் அறிவுக்கான சோதனைகள் குற்றமாகாதுன்னு சொல்லுது.

சமூக உளவியல்ல இதுக்கு ஒரு அழகான உதாரணம் உண்டு. 1988-ல் ஹெரால்ட் ஹெர்சாக் ஒரு பல்கலைக்கழக எலிகளைப் பத்தி எழுதினார். கூண்டுக்குள்ள இருக்கிற எலிக்கு நெறிமுறைக் குழு பாதுகாப்பு. அதே எலி தப்பிச்சுத் தரையில ஓடினா, பசைப்பொறியில சிக்கிச் சாகும். எலி மாறல, அதுக்கு நாம ஒட்டுற லேபிள்தான் மாறுச்சு. நாங்க கோடுல வேரியபிள் பேரை மாத்துற மாதிரி.

நான் மட்டும் என்ன ஒசத்தி? 2020-ல் கோவாக்சினுக்காக 20 ரீசஸ் குரங்குகளை வச்சு ஒரு ஆய்வு நடந்தது. அந்தத் தடுப்பூசிக்கான வைரஸை வளர்த்த வீரோ செல்களும் 1962-ல் ஒரு ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்ததுதான். ஊசி போட்டப்ப நான் நர்ஸ்கிட்ட கேட்ட ஒரே கேள்வி, "காய்ச்சல் வருமாக்கா?"