உடைந்த முட்டைகள் சொன்ன சாட்சி

புறா வளர்ப்பவர்களிடம் "பைரி" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். வட்டமடிக்கும் புறாவை மேலிருந்து பாய்ந்து அடித்துத் தூக்கிக்கொண்டு போகும் வல்லூறுக்குத்தான் அந்தப் பெயர். ஆங்கிலத்தில் பெரிகிரின் என்பார்கள். பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல் வேகம்! உலகில் அதைவிட வேகமான உயிரினம் கிடையாது.

அந்தப் பறவையே சில நாடுகளில் அடியோடு அழியப் பார்த்தது. அது பிழைத்ததில் பெரும்பங்கு, கூட்டுக்கு எதிரே மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்ததை நோட்டில் குறித்து வைத்தவர்களுக்கு உண்டு. கூடவே சில முட்டைத் திருடர்களுக்கும் உண்டு! அந்தக் கதைதான் இது.

கூட்டில் நடப்பது என்ன?

கூடு என்று சொன்னாலும் பைரி கூடு கட்டுவதில்லை. செங்குத்தான பாறை இடுக்கில், மண்ணிலோ சரளையிலோ நெஞ்சை அழுத்தி ஒரு சிறு குழி பறிக்கும். அவ்வளவுதான் வீடு. அதில் செம்பழுப்பு நிறத்தில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு முட்டைகள். ஆணைவிடப் பெண் பெரியது. அடைகாப்பதில் பெரும்பகுதி அதனுடையது. ஆண் இரை தேடி வரும். சில சமயம் பறந்துகொண்டிருக்கும்போதே இரையைக் கைமாற்றிக் கொடுக்கும்.

சுமார் 33 நாட்களில் முட்டை பொரியும். குஞ்சின் அலகு நுனியில் சின்னதாக ஒரு முளை இருக்கும். அதனால் ஓட்டை உள்ளிருந்தே குத்தி உடைத்து வெளியே வரும். வெள்ளைப் பஞ்சு போல இருக்கும் குஞ்சுகளுக்குத் தாய் இறைச்சியைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்து ஊட்டும். ஆறு வாரத்தில் சிறகு முளைத்துப் பறந்துவிடும். அதற்குப் பிறகும் சில வாரங்கள் பெற்றோரிடம்தான் சாப்பாடு.

இவ்வளவும் நடக்க ஒரே ஒரு நிபந்தனை. அந்த 33 நாளும் தாயின் எடையை ஓடு தாங்க வேண்டும். பிரச்சினை அங்கேதான் வந்தது.

குற்றவாளிக் கூண்டில் பைரி

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை தூதுப் புறாக்களைப் பயன்படுத்தியது. கடலில் விழுந்த விமானத்திலிருந்து செய்தி கொண்டுவரும் புறாவைப் பைரி அடித்துவிட்டால்? எனவே 1940-இல் பைரிகளைக் கொல்ல அரசே உத்தரவு போட்டது. சுமார் 600 பறவைகள் சுட்டுக் கொல்லப்பட்டன. போர் முடிந்ததும் உத்தரவு நீங்கியது. பைரிகளும் மெல்லப் பெருகத் தொடங்கின.

1960-இல் புறாப் பந்தயக்காரர்கள் அரசிடம் ஒரு மனு கொடுத்தார்கள். பைரிகள் பெருகிவிட்டன, எங்கள் புறாக்களை அழிக்கின்றன, அவற்றுக்குத் தந்த சட்டப் பாதுகாப்பை நீக்குங்கள் என்பது கோரிக்கை. உண்மை நிலவரம் தெரிய வேண்டும் அல்லவா? பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளையிடம் கணக்கெடுக்கும் வேலை வந்தது. 1961, 1962 ஆண்டுகளில் அதை நடத்தியவர் டெரெக் ராட்கிளிஃப். சிறு வயதிலிருந்தே பைரிக் கூடுகளைத் தேடி மலையேறியவர் அவர்.

முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. பெருகியதாகச் சொல்லப்பட்ட பறவை மறைந்துகொண்டிருந்தது! 1963 வாக்கில் போருக்கு முன்பிருந்த எண்ணிக்கையில் பாதிகூட இல்லை. தெற்கு இங்கிலாந்தில் ஏறக்குறைய இல்லவே இல்லை. பறவைக்கு எதிராகக் கொடுத்த மனுவே அதன் ஆபத்தை வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டது.

ஓட்டை எடை போட்டவர்

காரணம் என்ன? ராட்கிளிஃபிடம் ஒரு பழைய துப்பு இருந்தது. 1950-களின் தொடக்கத்திலிருந்தே கூடுகளில் உடைந்த முட்டைகளைப் பார்த்து வந்தார். தாய்ப்பறவையே தன் முட்டையைத் தின்பதும் பதிவாகியிருந்தது. போருக்கு முன் இதெல்லாம் மிக அபூர்வம். 1958-லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். ஆனால் காரணம் அப்போது பிடிபடவில்லை.

விடை எங்கே கிடைத்தது தெரியுமா? முட்டை சேகரிப்பவர்களின் அலமாரிகளில்! தபால்தலை சேர்ப்பது போல, பறவை முட்டைகளைத் திருடி உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றி ஓட்டை மட்டும் சேர்த்து வைப்பது அந்நாளில் பிரிட்டனில் பலருக்குப் பொழுதுபோக்கு. 1954-இல் சட்டம் வந்த பிறகுதான் அது குற்றமானது. ஒவ்வொரு ஓட்டுடனும் எடுத்த தேதியும் இடமும் எழுதி வைத்திருந்தார்கள். பறவைக்குத் துரோகம் செய்தவர்கள் ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தார்கள்!

ஓட்டை உடைக்காமல் தடிமனை அறிய ராட்கிளிஃப் எளிய வழி கண்டுபிடித்தார். ஓட்டின் எடையை, அதன் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தார். ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் பல பத்தாண்டுகளுக்கு ஒரே அளவு. 1947-ஐ ஒட்டித் திடீர்ச் சரிவு! ஓடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருந்தது. 1967-இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார்.

அந்த ஆண்டுகளில் புதிதாக எங்கும் பரவியது எது? டி.டி.டி. அதன் பூச்சிக்கொல்லித் தன்மையை 1939-இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. டைஃபஸ், மலேரியாவிலிருந்து ஏராளமான உயிர்களை அந்த மருந்து காத்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் போர் முடிந்ததும் வயல்களில் தாராளமாகத் தெளித்தார்கள். அது எளிதில் சிதையாது, கொழுப்பில் தங்கும். பூச்சியிலிருந்து சிறு பறவைக்கு, சிறு பறவையிலிருந்து பைரிக்கு என்று ஒவ்வொரு படியிலும் செறிவு கூடும். அது உடலில் மாறி உண்டாகும் டி.டி.இ., ஓடு உருவாகும் இடத்தில் கால்சியம் சேர்வதைத் தடுக்கும். விளைவு, தாய் உட்கார்ந்தாலே முட்டை நொறுங்கும். போதாக்குறைக்கு, விதைகளில் பூசிய டீல்ட்ரின் போன்ற நஞ்சுகள் பிரிட்டனில் வளர்ந்த பறவைகளையே கொன்றன.

அட்லாண்டிக்குக்கு அப்பால்

அமெரிக்காவில் ஜோசப் ஹிக்கி என்ற பறவையியலாளர் 1942-லேயே கிழக்குப் பகுதியின் பைரிக் கூடுகளைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார். 1964-இல் அங்கே முன்பு அறியப்பட்ட 133 இடங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஒன்றில்கூடப் பறவை இல்லை. பழைய பட்டியல் இல்லாதிருந்தால் அந்தப் பூஜ்யத்தின் பொருளே புரிந்திருக்காது. 1968-இல் ஹிக்கியும் டேனியல் ஆண்டர்சனும் அங்கும் ஓடுகள் மெலிந்ததை உறுதி செய்தார்கள். 1962-இல் வந்த ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' ஏற்கெனவே மக்களை உலுக்கியிருந்தது. 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.க்குத் தடை விதித்தது.

தடை போட்டாயிற்று, பறவைக்கு எங்கே போவது? கார்னெல் பல்கலைக்கழகத்தின் டாம் கேட் 1970-இல் பெரிகிரின் ஃபண்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். கூண்டில் பைரிகளை இனப்பெருக்கம் செய்ய வைத்தார். 1974 முதல் குஞ்சுகளைக் கோபுரங்களிலும் பாறைகளிலும் வைத்து, மனிதர் கண்ணில் படாமல் உணவு கொடுத்துப் பறக்க விட்டார்கள். வல்லூறு வைத்து வேட்டையாடுபவர்கள் நூற்றாண்டுகளாகக் கையாண்ட முறை அது. பல அமைப்புகள் சேர்ந்து மொத்தம் 6,000-க்கும் மேற்பட்ட பறவைகளை விடுவித்தன.

அப்படி விடப்பட்ட ஒரு பெண் பைரிக்கு ஸ்கார்லெட் என்று பெயர் வைத்தார்கள். 1978-இல் அது பால்டிமோர் நகரத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனக் கட்டடத்தின் 33-ஆவது மாடி விளிம்பில் குடியேறியது. சரியான துணை அமையவில்லை, முட்டைகள் பொரியவில்லை. ஆனாலும் கொண்டுவந்து வைத்த வேறு குஞ்சுகளைத் தன் குஞ்சுகளாகவே வளர்த்தது. கடைசியில் 1984-இல் தானே ஒரு துணையைத் தேடிக்கொண்டு, சொந்தமாக நான்கு குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட்டது. அதே ஆண்டில் இறந்தும் போனது.

1999-இல் அமெரிக்காவின் அழியும் உயிரினங்கள் பட்டியலிலிருந்து பைரியின் பெயர் நீக்கப்பட்டது. பிரிட்டனில் 2014-இல் எடுத்த கணக்கில் 1,700 ஜோடிகளுக்கும் மேல் இருந்தன. போருக்கு முன்பிருந்ததைவிட அதிகம்.

இன்று தேவாலயக் கோபுரங்களிலும் அடுக்குமாடி விளிம்புகளிலும் கேமரா வைத்திருக்கிறார்கள். முட்டை எப்போது பொரியும் என்று ஆயிரக்கணக்கானோர் வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள். வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எத்தனை முட்டை, எந்தத் தேதி, எத்தனை குஞ்சு பறந்தது என்று யாரோ சிலர் சலிக்காமல் எழுதி வைத்ததால்தான் ஒரு நஞ்சு பிடிபட்டது. அடுத்த ஆபத்து எந்த வடிவத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய குறிப்புகள்தான் இருக்கும்.