ஜாகீர் நாட்டு நிலமும் நம் முன்னோரும்



1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. அதையடுத்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியெங்கும் ஆலைகள் எழுந்தன. அவற்றுக்காக நிலம் எடுத்தபோது பட்டாதாரருக்கு இழப்பீடு கிடைத்தது. அதே வயலில் தலைமுறைதோறும் சேறு மிதித்தவருக்குப் பட்டா இல்லை. எனவே பங்கும் இல்லை. இந்த நிலை எப்படி வந்தது என்பதை இம்மலரில் எழுதி வைப்பது நம் கடமை என்று எண்ணுகிறோம்.

1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780-ல் ஐதர் அலியின் படையெடுப்பால் ஊர்கள் பாழாயின. 1794-ல் கலெக்டராக வந்த லயனல் பிளேசுக்கு வரி வேண்டும். வரி கட்ட ஆள் வேண்டும். ஊர் நிலத்துக்கு உரிமை கொண்டாடிய மிராசுதாரர்களைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. பின்னாளில் திருக்குறளில் தோய்ந்த எல்லிஸ் துரையே மிராசு உரிமையை விரித்து எழுதினார். மேல் கீழ் என்ற வேற்றுமையை வெள்ளையர்தாம் படைத்தார்கள் என்று சொல்வது நேர்மையாகாது. அது முன்னரே நம்மிடம் இருந்தது. வழக்கமாயிருந்ததை அவர்கள் ஏட்டில் ஏற்றிச் சர்க்கார் முத்திரையும் இட்டார்கள்.

அடிமை முறையை 1843-ஆம் ஆண்டுச் சட்டம் கைவிட்டது. ஆயினும் கலியாணத்துக்கு வாங்கிய சிறு கடன் படியாளைக் கட்டிப்போட்டது. தப்பிக்க விரும்பியவர் கப்பலேறினர். சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அங்கே கரும்புத் தோட்டங்கள் காத்திருந்தன. கூலிகளாக இறங்கியவர்களில் கத்தோலிக்கரும் இருந்தனர்.

ஊரிலேயே தங்கியவர் தரிசு நிலம் கேட்டு தர்க்காஸ்து மனு கொடுத்தால், ‘எமக்கே முன்னுரிமை’ என்று மிராசுதாரர் எழுந்து நிற்பார். சேரிக் குடிசையின் மனைகூட அவருடையதாம்! கூலி உயர்த்திக் கேட்டவனைக் குடிசையிலிருந்தே இறக்கிவிடலாம். இவற்றையெல்லாம் 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமன்ஹீர், பறையர் நிலை குறித்த தம் அறிக்கையில் விவரித்தார். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், தொழிலாளர் உரிமை பற்றிய ‘ரேரும் நோவாரும்’ திருமடலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். உழைப்பாளிக்கும் சொந்த உடைமை வேண்டும் என்பதே அம்மடலின் கருத்து. ஆனால் இங்கே சேரி மக்களுக்காக மனு எழுதிக் கச்சேரி ஏறியவர்களில் ஸ்காட்லாந்து சபையின் ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் சபையின் கௌடி ஆகிய புரொட்டஸ்டண்டு போதகர்களே முன்னின்றனர். இதை மறைக்காமல் சொல்வதே முறை.

ரெவினியூ போர்டு அறிக்கையை ரசிக்கவில்லை. இருந்தும், 1892 செப்டம்பர் 30-ஆம் நாளிட்ட 1010-ஆம் எண் அரசாணை பிறந்தது. அதன் வழி வந்தவையே பஞ்சமி நிலங்கள். பத்து ஆண்டுகள் வரை விற்கக்கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கே விற்கலாம் என்பது நிபந்தனை.

நிபந்தனை ஏட்டில் இருந்தது. நிலமோ கடனுக்கும், மிரட்டலுக்கும், கைநாட்டுப் பத்திரத்துக்கும் பிறர் கைக்குப் போயிற்று. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீசார் சுட்டனர். ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர்நீத்தனர். அரசாணை பிறந்து அப்போது 102 ஆண்டுகள் ஆகியிருந்தன.