பிளஸ் சைஸ் ஆடைகளின் வரலாறு

கடைகளில் வழக்கமாக அடுக்கப்படும் அளவுகளைத் தாண்டிய உடல்களுக்காகத் தைக்கப்படும் ஆயத்த ஆடைகளைப் 'பிளஸ் சைஸ்' என்பர். அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலும் பெண்களுக்கான 14 அல்லது 16ஆம் எண்ணிலிருந்து இப்பிரிவு தொடங்குகிறது. பருமனான உடல் கொண்டவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் 'அளவுக்குள் வராத உடல்' என்ற ஒன்று, ஆயத்த ஆடைத் தொழில் வந்த பிறகே உருவானது. அத்தொழில் பெரிதாக வளர்ந்த அமெரிக்காவைச் சுற்றியே இந்த வரலாறு பெரும்பாலும் நிகழ்ந்துள்ளது.

நாடாவிலிருந்து எண்ணுக்கு

தையற்காரர் ஒரு உடலை அளந்து துணியை வெட்டும்போது, அந்த உடல்தான் அளவு. தமிழ்நாட்டில் இன்றும் 'அளவு ஜாக்கெட்' கொடுத்து ரவிக்கை தைக்கும் பெண்ணுக்குத் தன் எண் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. சேலைக்கும் எண் கிடையாது. சுடிதாரோ ஜீன்ஸோ வாங்கக் கடைக்குப் போகும்போதுதான் எக்ஸெல், டபுள் எக்ஸெல் என்னும் எழுத்துகள் அவர் உடலின்மேல் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது படைவீரர்களுக்குச் சீருடை தைக்க ஏராளமான ஆண்களின் அளவுகள் எடுக்கப்பட்டன. ஆண்களின் ஆயத்த ஆடைக்கு அவை அடித்தளமாயின. பெண்களின் ஆயத்த ஆடை மெதுவாகவே வந்தது. மார்பளவு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இடுப்பும் தோளும் அதற்கேற்ப இருக்கும் என்று எண்ணித் தைத்தார்கள். அந்த எண்ணம் தவறிய இடங்களில் எல்லாம் பெண்கள் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார்கள்.

லீனா பிரையன்ட்

இதை ஒரு தொழிலாக மாற்றியவர் லித்துவேனியாவிலிருந்து 1895இல் நியூயார்க்குக்கு வந்த லீனா ஹிம்மெல்ஸ்டைன். அப்போது அவருக்கு வயது 16. உள்ளாடைகள் தைக்கும் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தார். டேவிட் பிரையன்ட் என்ற நகைக்கடைக்காரரை மணந்தார். மகன் பிறந்த சிறிது காலத்தில் கணவர் இறந்துபோனார். கல்யாணப் பரிசாகக் கணவர் தந்த வைரக் காதணிகளை அடகு வைத்துத் தையல் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டினார் லீனா. 1904இல் கடை திறந்தார். வங்கிக் கணக்குத் தொடங்கியபோது 'லீனா' என்ற பெயர் தவறாக 'லேன்' என்று பதிவாகியது. அந்தப் பிழையே 'லேன் பிரையன்ட்' என்ற நிறுவனத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

முதலில் அவருக்குப் பெயர் தந்தவை கர்ப்பிணிகளுக்கான ஆடைகள். கர்ப்பமான பெண் வெளியில் தலைகாட்டுவதையே நாகரிகக் குறைவாகக் கருதிய காலம் அது. வாடிக்கையாளர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக, மேற்சட்டையோடு மடிப்புப் பாவாடையை எலாஸ்டிக் பட்டியால் இணைத்து ஒரு கவுன் தைத்தார். வயிறு வளர வளர ஆடையும் இடம் கொடுத்தது. செய்தித்தாள்கள் இதற்கு விளம்பரம் போடவே மறுத்தன. 1911இல் நியூயார்க் ஹெரால்டு இதழ் ஏற்றுக்கொண்டபோது, மறுநாளே கடையின் சரக்கு தீர்ந்தது.

லீனாவின் இரண்டாவது கணவர் ஆல்பர்ட் மால்சின் ஒரு பொறியாளர். பருமனான பெண்களுக்குப் பொருந்தும் ஆடைகளைத் தைப்பதற்காக இருவரும் அளவெடுக்கத் தொடங்கினார்கள். கடைக்கு வந்த சுமார் 4,500 பெண்களின் அளவுகளையும், காப்பீட்டு நிறுவனம் ஒன்று வைத்திருந்த சுமார் 2,00,000 பெண்களின் விவரங்களையும் ஆராய்ந்தார்கள். பருத்த உடல் என்பது ஒரே வகை அல்ல, மூன்று வகை என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒருவருக்கு மார்பில் பருமன், இன்னொருவருக்கு இடுப்பில், வேறொருவருக்கு உடல் முழுதும். இன்று இது எளிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் 'குண்டு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்கப்பட்டிருந்தவர்களை ஒருவர் தனித்தனி உடல்களாகப் பார்த்தது இங்கேதான். 1923இல் நிறுவனத்தின் விற்பனை 50 லட்சம் டாலரை எட்டியது. அதற்குள் கர்ப்பகால ஆடைகளைவிடப் பெரிய அளவு ஆடைகளே அதிகம் விற்றன. கடைக்காரர் முன் நிற்கக் கூச்சப்பட்டவர்களுக்கு அஞ்சல் வழி விற்பனை பெரிய உதவியாக இருந்தது.

மறைக்கச் சொன்ன காலம்

பொருந்தும் ஆடை கிடைத்தது. ஆனால் அதோடு ஓர் அறிவுரையும் கூடவே வந்தது. அக்காலத்தில் இவ்வாடைகளை 'ஸ்டௌட் வேர்' என்றார்கள். அடர்நிறம், நெடுக்குக் கோடு, இறுக்கும் உள்ளாடை, ஒல்லியாகக் காட்டும் வாக்குறுதி ஆகியவையே அதன் இலக்கணம். 1950களில் பருமனான சிறுமிகளுக்கு 'சப்பெட்ஸ்' என்ற பெயரில் லேன் பிரையன்ட் விற்ற ஆடைகளும் மெலிவாகக் காட்டுவதையே விளம்பரப்படுத்தின. பள்ளிக்குப் போகும் சிறுமியிடம் 'உன்னை மறைத்துக்கொள்' என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இதே காலத்தில் அரசும் அளவெடுக்க இறங்கியது. 1939–40இல் அமெரிக்க வேளாண்மைத் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் 59 இடங்களில் அளந்தது. வெள்ளையினப் பெண்களின் அளவுகள் மட்டுமே கணக்கில் சேர்க்கப்பட்டன. இதன் வழிவந்த தரநிலை 1958இல் வெளியாகி 1983இல் கைவிடப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு விருப்பமான எண்ணைப் போட்டுக்கொண்டது. வாடிக்கையாளர் மகிழ்வார் என்று எண்களைக் குறைத்துக்கொண்டே போனார்கள். 1958இன் 12ஆம் எண் ஆடை இன்று ஏறத்தாழ 6 என்று விற்கப்படும். உடல் அப்படியே இருக்க எண் மட்டும் பாதியாகிறது என்றால், அந்த எண்ணை நினைத்துக் கண்ணாடி முன் வருந்துவதில் பொருள் உண்டா?

உரிமையும் அலங்காரமும்

1967இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் சுமார் 500 பேர் கூடினார்கள். அங்கே சாப்பிட்டார்கள்; உணவுக் கட்டுப்பாட்டு நூல்களையும், ஒல்லியான மாடலாகப் புகழ்பெற்ற ட்விக்கியின் படத்தையும் எரித்தார்கள். இரண்டு ஆண்டுகளில், பருமனானவர்கள்மீது காட்டப்படும் பாகுபாட்டை எதிர்க்கும் நாஃபா என்ற சங்கம் உருவானது. 1979இல் 'பிக் பியூட்டிஃபுல் உமன்' இதழ் தொடங்கியது. 1980இல் இத்தாலியின் மேக்ஸ் மாரா நிறுவனம் 'மரீனா ரினால்டி' என்ற பெயரில் பெரிய அளவுகளில் உயர்தர ஆடைகளைக் கொண்டுவந்தது. மலிவான துணியில் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை என்பது அதன் செய்தி.

உண்மையான திருப்பத்தை இணையம் கொண்டுவந்தது. கடைகள் காட்டாத உடலை அதற்கு உரியவர்களே படம் எடுத்துக் காட்டினார்கள். அமெரிக்க வலைப்பதிவர் கேபி கிரெக் 2012இல் பிகினி அணிந்து எடுத்த படத்தை 'ஃபேட்கினி' என்ற சொல்லோடு வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவர் பெயரிலேயே நீச்சலுடைகள் விற்பனைக்கு வந்தன. மறைப்பதற்கு எதுவும் இல்லாத ஓர் ஆடையை அவர் தேர்ந்தெடுத்ததுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஸ்டௌட் வேரின் இலக்கணம் முழுவதையும் அது ஒரே வீச்சில் தள்ளிவிட்டது. 2016இல் ஆஷ்லி கிரஹாம் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' நீச்சலுடைச் சிறப்பிதழின் அட்டையில் இடம்பெற்றார். அதே ஆண்டு நடிகை லெஸ்லி ஜோன்ஸ், தன் படத்தின் முதற்காட்சிக்கு உடை தர எந்த வடிவமைப்பாளரும் முன்வரவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். கிறிஸ்டியன் சிரியானோ முன்வந்து சிவப்பு கவுன் ஒன்றைத் தைத்துக் கொடுத்தார்.

இந்தியாவில் ஃபியூச்சர் குழுமம் 2005இல் 'ஆல்' என்ற பெயரில் பிளஸ் சைஸ் கடைகளைத் தொடங்கியது. 2016இல் லக்மே ஃபேஷன் வீக் மேடையில் பருமனான உடல் கொண்டவர்கள் நடந்தார்கள். இந்திய உடல்களுக்கென்று ஓர் அளவு அட்டவணையை உருவாக்க, 25,000 பேரை அளக்கும் 'இந்தியா சைஸ்' திட்டத்தைத் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் 2018இல் அறிவித்தது. அதுவரை நம் கடைகளின் அட்டவணைகள் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் அளவுகளைத் தழுவியவையே.

இத்தகைய ஆடைகள் உடல்நலக் கேட்டுக்கு ஊக்கம் தருவதாகச் சிலர் குறை சொல்வதுண்டு. எடையைப் பற்றி மருத்துவரோடு பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் நாளைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவருக்கு இன்றைய உடலுக்குப் பொருந்தும் சட்டை வேண்டும். எடை குறையட்டும் என்று அலுவலகம் காத்திருக்காது.

இன்றைய சிக்கல்

தொழில்நுட்பத் தடைகளும் உண்டு. ஒல்லியான ஒருவருக்கு வெட்டிய மாதிரியை எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பெரிதாக்கினால், தோள் சரிந்துவிடும், கைக்குழி தொளதொளக்கும், வயிற்றில் மட்டும் பிடிக்கும். உடல் எல்லாத் திசையிலும் சமமாகப் பெருப்பதில்லை. பெரிய அளவுக்குத் தனி மாதிரி வெட்ட வேண்டும். அதைப் பெரிய உடலிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். செலவு என்று சொல்லிப் பல நிறுவனங்கள் தவிர்க்கும் வேலை இதுதான்.

2021 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓல்டு நேவி நிறுவனம் 0 முதல் 28 வரையிலான பெண்கள் அளவுகளைத் தன் கடைகள் எல்லாவற்றிலும், தனிப் பிரிவு இல்லாமல், ஒரே விலையில் வைத்தது. எந்த அளவில் எத்தனை விற்கும் என்ற கணக்கு பிசகியது. நடுத்தர அளவுகள் தீர்ந்துபோக, மிகச் சிறியவையும் மிகப் பெரியவையும் தேங்கின. 2022இல் ஏறத்தாழ 75 கடைகளிலிருந்து பெரிய அளவுகள் திரும்பப் பெறப்பட்டன. அந்தக் கடைகளுக்குத் தோழிகளோடு போகும் 28ஆம் அளவுப் பெண், அவர்கள் அறைக்குள் உடை மாற்றிப் பார்க்கும்போது வெளியே பைகளோடு நிற்கிறார். அவருடைய அளவு இணையத்தில் கிடைக்கிறது.