ஒளிவழிக் காந்தக் கட்டுப்பாடு

காந்தப் பொருளொன்றின் காந்தமாக்கத் திசையை லேசர் ஒளித்துடிப்பால் மாற்றும் முறை. தகவலை நானோமீட்டர் அளவிலான இடத்தில், மிக விரைவாக எழுதுவதே இதன் முதன்மை நோக்கம்.

இதன் வரலாறு எதிர்த்திசையில், ஒளியைக் காந்தம் மாற்றியதில் தொடங்குகிறது. 1845 செப்டம்பரில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, பல ஆண்டுகளுக்கு முன் தாமே உருக்கி வார்த்த கனமான ஈயக் கண்ணாடித் துண்டை மின்காந்த முனைகளுக்கருகே வைத்து, தளவிளைவுற்ற விளக்கொளியை அதனூடே செலுத்தினார். மின்னோட்டம் பாய்ந்ததும் இருண்டிருந்த பார்வையில் சுடரின் உருவம் தெரிந்தது, நிறுத்தியதும் மறைந்தது. ஒளியின் அதிர்வுத் தளத்தைக் காந்தம் சுழற்றியிருந்தது. இதன் மறுதலையாக, வட்டத் தளவிளைவுற்ற ஒளி பொருளைக் காந்தமாக்கும் என்பதை 1965இல்தான் லேசர் கொண்டு காட்ட முடிந்தது.

உண்மையான திருப்பம் 1996இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் நேர்ந்தது. இயற்பியலாளர்கள் பொரெப்பேர், பிகோ ஆகியோரின் குழுவினர் மெல்லிய நிக்கல் படலத்தின்மீது 60 ஃபெம்டோவிநாடி லேசர் துடிப்பைப் பாய்ச்சினர். ஒரு பிக்கோவிநாடி கழிவதற்குள் படலம் தன் காந்தமாக்கத்தில் கணிசமான பங்கை இழந்தது. இவ்வளவு வேகத்தை அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

2007இல் நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள் காடோலினியம்-இரும்பு-கோபால்ட் கலவையில், வெளிக் காந்தப்புலம் ஏதுமின்றி, 40 ஃபெம்டோவிநாடி துடிப்புகளாலேயே காந்தத் திசையைத் திருப்பினர். ஒளி இடமாகச் சுழல்கிறதா வலமாகச் சுழல்கிறதா என்பதே திசையை முடிவுசெய்வதாக அப்போது கருதப்பட்டது. 2012இல் வந்த விளக்கம் அதைவிட வியப்பானது: இக்கலவையில் திடீர் வெப்பம் மட்டுமே போதும். எதிரெதிராக நிற்கும் இரும்பு, காடோலினியத் தற்சுழற்சிகளில் இரும்பு விரைவாகக் குலைகிறது, காடோலினியம் பின்தங்குகிறது. இரண்டும் கோண உந்தத்தைப் பரிமாறிக்கொள்ளும் அந்தக் கணத்தில் இரும்பு மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது. ஒளியின் பங்கு வெப்பமூட்டுவதோடு முடிகிறது.

இடத்தைச் சுருக்குவதே எஞ்சிய இடர். வில்லையால் ஒளியை அதன் அலைநீளத்தின் ஏறத்தாழப் பாதிக்கும் கீழே குவிக்க இயலாது. கண்ணுறு ஒளிக்கு அது சில நூறு நானோமீட்டர். நுண்ணிய தங்க அலைவாங்கிகள் இந்த எல்லையைத் தாண்ட உதவின. அவற்றின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்ததிர்ந்து ஆற்றலைச் சிறு புள்ளியில் திரட்டுகின்றன. 2015இல் இவ்வழியே சுமார் 50 நானோமீட்டர் அகலமுள்ள பரப்பில் காந்தம் திருப்பப்பட்டது.

சீகேட் நிறுவனம் 2024இல் அறிமுகப்படுத்திய 30 டெராபைட் வன்வட்டுகளும் இத்தகைய ஒளிக்குவிப்பைப் பயன்படுத்துகின்றன. எனினும் அங்கே லேசர் இரும்பு-பிளாட்டினத் துகளைச் சூடாக்கி அதன் காந்தப் பிடிப்பைத் தளர்த்த மட்டுமே செய்கிறது. திசையை எழுதுவது பழைய காந்தத் தலையே. ஒளி மட்டுமே எழுதும் காந்த வன்வட்டு இன்னும் சந்தைக்கு வரவில்லை.