கிராஃபோர்டு ஏரிச் சிற்றூர்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மில்டன் நகருக்கு அருகே, கிராஃபோர்டு ஏரியை ஒட்டி அமைந்துள்ள இரோக்குவோயியப் பழங்குடி மக்களின் தொல்லியல் தலம். ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்ட இந்த ஊரில் பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த நீள்வீடுகள் சில மீண்டும் கட்டப்பட்டுப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன.

இவ்வூர் இருந்ததைக் காட்டிக்கொடுத்தது ஏரிதான். பரப்பில் சிறியது, ஆழமோ ஏறக்குறைய 24 மீட்டர். அடிநீரும் மேல்நீரும் கலப்பதில்லை என்பதால், ஆண்டுதோறும் படியும் வண்டல் கலையாமல் கிடக்கிறது. கோடையில் சுண்ணப் படிகங்களால் வெளிறிய அடுக்கு, அதன்மேல் மட்கிய பொருள்களால் கருத்த அடுக்கு. இரண்டும் சேர்ந்து ஓர் ஆண்டு. 1970-களின் தொடக்கத்தில் இந்த அடுக்குகளை எண்ணிய ஆய்வாளர்கள், அவற்றில் மக்காச்சோள மகரந்தத்தைக் கண்டனர். அது கனமானது, காற்றில் வெகுதூரம் போகாது. எனவே பயிரிட்டவர்கள் அருகிலேயே வாழ்ந்திருக்க வேண்டும். வண்டல் காட்டும் வேளாண்மைக் காலம் 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை நீள்கிறது.

அந்தத் தடயத்தைப் பின்பற்றி தொல்லியலாளர் வில்லியம் ஃபின்லேசன் தலைமையில் நடந்த அகழாய்வில் 11 நீள்வீடுகளின் தடங்கள் வெளிப்பட்டன. மரமும் பட்டையும் மட்கிப்போனாலும், நட்ட கம்பம் இருந்த இடத்தில் மண் வட்டமாகக் கருத்திருக்கும். அத்தகைய கறைகளின் வரிசையே சுவர். உள்ளே செம்மை ஏறிய மண் அடுப்பிடம். வீட்டின் நீள அகலங்களை மண்ணே சொல்லிவிடுகிறது. கூரையின் வளைவு, உயரம் ஆகியவற்றுக்கு 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் குறிப்புகளையும் பழங்குடியினரின் மரபறிவையும் நாட வேண்டியுள்ளது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு பார்ப்பதே மீண்டும் கட்டப்பட்ட வீடுகளுக்குச் செய்யும் நியாயம்.

நீள்வீட்டின் உள்ளே நடுவில் வரிசையாக அடுப்புகள், இருபுறமும் படுக்கைத் திண்ணைகள், மேலே புகைபோகும் திறப்புகள். ஓர் அடுப்பை எதிரெதிரே வாழ்ந்த இரு குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. உறவு தாய்வழி, மணமான ஆண் மனைவியின் வீட்டில் குடியேறுவதே வழக்கம். மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் பெண்கள் ஒரே மேட்டில் பயிரிட்டனர். மண் வளமும் விறகும் குறைந்ததும் ஊர் முழுவதும் வேறிடம் பெயரும்.

2023 ஜூலையில், மனிதரால் புவி மாறிய காலமான ஆந்த்ரோபோசீனின் அடையாளத் தலமாக இதே ஏரியை ஒரு நிலவியல் ஆய்வுக்குழு தேர்ந்தெடுத்தது. அணுகுண்டுச் சோதனைகளின் புளூட்டோனியமும் இதன் வண்டலில் பதிந்துள்ளது. ஆனால் அப்படியொரு காலப்பிரிவை ஏற்கும் முன்மொழிவே 2024 மார்ச்சில் நிராகரிக்கப்பட்டது.